இரட்டையர் புதிரை வரைபடத் தாளில் தீர்ப்பது

இரட்டைச் சகோதரிகள். அக்கா சிங்கப்பூர் ஜூரோங்கிலேயே இருக்கிறாள். தங்கை ஒளிவேகத்தில் 0.8 பங்கு வேகத்தில் 4 ஒளியாண்டு தூரம் போய் உடனே திரும்புகிறாள். இறங்கும்போது யாருக்கு எவ்வளவு வயது கூடியிருக்கும்? நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்கிறது ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல். அதன் சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் விடை வந்துவிடும். ஆனால், "தங்கை கண்ணுக்கு அக்காதானே நகர்கிறாள், அப்படியானால் அக்காதானே இளமையாக இருக்க வேண்டும்?" என்ற கேள்வி அப்படியே நிற்கும். அதைத் தீர்க்க வரைபடத் தாளும் அடிக்கோலும் போதும்.

குறுக்கே 1 செ.மீ. ஓர் ஒளியாண்டு, மேல்நோக்கி 1 செ.மீ. ஓர் ஆண்டு. இந்த அளவை மாற்றாதீர்கள். அப்போதுதான் ஒளியின் பாதை 45 பாகையில் சாயும். அக்காவின் கோடு 10 செ.மீ. நேர்க்குத்து. தங்கையின் கோடு (0, 0)-இல் தொடங்கி, (4, 5)-இல் மடங்கி, (0, 10)-இல் முடியும்.

பலர் சறுக்குவது இங்கேதான். சாய்கோட்டை அடிக்கோலால் அளந்தால் சுமார் 6.4 செ.மீ. வரும். அது தங்கையின் காலம் இல்லை. பிதாகரஸ் விதியில் கூட்டும் இடத்தில் இங்கே கழிக்க வேண்டும்: √(25 − 16) = 3 ஆண்டு. போக 3, வர 3. அக்காவுக்கு 10, தங்கைக்கு 6.

இப்போது சரிபார்ப்பு. ஆளுக்கு ஆண்டுக்கொரு முறை, அவரவர் கடிகாரப்படி, பிறந்தநாள் வாழ்த்தை வானொலி அலையில் அனுப்புகிறார்கள். அக்காவின் ஒவ்வோர் ஆண்டுக் குறியிலிருந்தும் வலப்பக்கம் 45 பாகைக் கோடு இழுங்கள். முதல் வாழ்த்து தங்கையை எட்டுவதே திரும்பும் புள்ளியில்தான்! மீதி 9 வாழ்த்தும் திரும்பும் 3 ஆண்டுகளில் மளமளவென வந்து சேரும். தங்கையின் சாய்கோடுகளை மும்மூன்றாகப் பிரித்து, இடப்பக்கம் அதேபோல் இழுங்கள். அவளுடைய முதல் மூன்று வாழ்த்துகள் அக்காவுக்கு 3, 6, 9-ஆம் ஆண்டுகளில் கிடைக்கும்; கடைசி மூன்றும் பத்தாம் ஆண்டுக்குள் நெருக்கியடித்து வரும். தங்கை திரும்பியதும் வேகமான வரத்து அவளுக்கு உடனே தொடங்குகிறது. அக்காவுக்கோ 9 ஆண்டு காத்திருப்பு. சமச்சீர் உடைவது இங்கே.

முடுக்கம்தான் வயதைக் குறைக்கிறது என்பார்கள். அது தேவையில்லை. திரும்பும் புள்ளியில் அதே வேகத்தில் எதிரே வரும் வேறொரு கப்பலுக்குக் கடிகார நேரத்தை மட்டும் கைமாற்றினாலும் விடை 6-தான்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து லண்டனுக்குப் பறக்கும் விமானத்துக்கு இதையே போட்டுப் பார்க்க ஆசை வரும். விநாடிக்கு 250 மீட்டர் வேகத்துக்குப் பள்ளிக் கால்குலேட்டர் காமாவை (கடிகாரம் எத்தனை மடங்கு மெதுவாகிறது என்ற எண்; மேலே அது 10/6) வெறும் 1 என்று காட்டிவிடும். வேகத்தை ஒளிவேகத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, பாதியாக்குங்கள்: சுமார் 3.5 × 10⁻¹³. 13 மணி நேரத்துக்கு விமானக் கடிகாரம் ஏறத்தாழ 16 நானோவிநாடி (ஒரு நானோவிநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) பிந்தும். அத்தோடு நிறுத்தினால் விடை தலைகீழாகிவிடும்: 11 கி.மீ. உயரத்தில் புவியீர்ப்பின் விளைவால் கடிகாரம் ஏறத்தாழ 56 நானோவிநாடி முந்தும். புவிச் சுழற்சியையும் சேர்க்க வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூர், நின்ற இடத்திலேயே விநாடிக்குச் சுமார் 465 மீட்டர் கிழக்கே ஓடுகிறது. 1971-இல் ஹாஃபெலேயும் கீட்டிங்கும் அணுக் கடிகாரங்களை விமானத்தில் உலகைச் சுற்ற அனுப்பியபோது, கிழக்கே போனவை 59 நானோவிநாடி பிந்தின. மேற்கே போனவை 273 முந்தின.