மக்கிய உரமும் மண்புழு உரமும்: வீட்டுத் தோட்டத்தில் எதை எவ்வளவு போடுவது

மண்புழு உரத்தை மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டியும் மண் இளகவில்லை என்று வருந்துபவர்கள் நிறையப் பேர். காரணம், அந்த வேலை மக்கிய உரத்தினுடையது. சருகு, சாணம், காய்கறிக் கழிவு மக்கிக் கிடைக்கும் உரம் மண்ணைப் பொலபொலப்பாக்கி, ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதைக் கூடைக் கணக்கில் போட வேண்டும். மண்புழு உரம் அதைவிடச் செறிவானது, விலையும் கூடுதல். அதை வேருக்குப் பக்கத்தில் கைப்பிடிக் கணக்கில் போட்டால் போதும்.

உரம் வாங்கும் முன் மண்ணைப் பாருங்கள். தரையில் ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்பி, அது வற்றியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றிய நீர் நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் நின்றால் அது இறுகிய களிமண், அல்லது வீடு கட்டியபோது லாரியும் ஜல்லியும் மிதித்த மண். இதைச் சரிசெய்ய மணல் கலக்க வேண்டாம். களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்ந்தால் காய்ந்த பிறகு செங்கல்போல் இறுகிவிடும். மக்கிய உரம் போட்டு, பாத்தியை ஆறு முதல் எட்டு அங்குலம் உயர்த்திக் கட்டுவதே வழி. கடற்கரைப் பக்கத்து மணல் நிலத்துக்கும் அதே உரம்தான், ஆனால் அங்கே நோக்கம் நீர் ஓடிவிடாமல் நிறுத்துவது.

இனி அளவு. 100 சதுர அடிப் பாத்திக்கு ஓர் அங்குல உயரம் பரப்ப ஏறக்குறைய 230 லிட்டர் மக்கிய உரம் வேண்டும். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் 11 அல்லது 12 வாளி. அதன்மேல் மண்புழு உரம் 10 கிலோவும் வேப்பம் புண்ணாக்கு 2 கிலோவும் தூவி, மேல் ஆறு அங்குல மண்ணோடு கொத்திக் கலக்குங்கள். மண் லேசான ஈரத்தோடு, கையில் ஒட்டாமல் உதிரும் புழுதிப் பதத்தில் இருக்கும்போது கொத்த வேண்டும். சேறாக இருக்கும்போது கொத்தினால் கட்டி கட்டியாகக் காய்ந்து, போட்ட உரம் அந்தக் கட்டிகளுக்குள்ளேயே அடைபட்டுப் போகும். கலந்த பின் ஒருமுறை நீர் விட்டு, சருகால் மூடி, இரண்டு வாரம் கழித்து விதையுங்கள்.

நம் ஊர் வெயிலில் மண்ணில் சேர்த்த மக்கு வேகமாகக் கரைந்துவிடுகிறது. ஒருமுறை போட்டுவிட்டு மூன்று வருடம் இருக்க முடியாது. ஆடிப்பட்டத்துக்கு முன் முழு அளவு, தைப்பட்டத்துக்கு முன் அதில் பாதி என்று வைத்துக்கொண்டால் மண் வருடத்துக்கு வருடம் கறுத்து வளமாகும்.

தொட்டிக்குக் கணக்கே வேறு. செம்மண் நாலு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்று பங்கு, மக்கிய உரம் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. வெறும் மண்புழு உரத்தில் நடுவது பெரிய தவறு. அது நனைந்ததும் படிந்து காற்றை அடைத்துவிடும். வேர் அழுகும், உப்பும் ஏறும், முளைத்த நாற்று கழுத்தில் கறுத்துச் சாயும். நார்க்கட்டியையும் அப்படியே போடாதீர்கள். ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றினால்தான் உப்பு இறங்கும். இதைச் செய்யாமல் நட்டுவிட்டு, இலை ஓரம் கருகும்போது இன்னும் உரம் போடுபவர்கள் செடியை மேலும் கெடுக்கிறார்கள்.

நட்ட பிறகு, 12 அங்குலத் தொட்டிக்கு மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், சுமார் 50 கிராம். தண்டிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மேல்மண்ணை லேசாகக் கிளறிப் போட்டு, மண்ணால் மூடி நீர் விடுங்கள். வெயிலில் திறந்து கிடந்தால் அது காய்ந்து, அதிலுள்ள நுண்ணுயிர்கள் மடியும். தக்காளி, கத்தரிக்கு அளவை மீறினால் இலைதான் தழைக்கும், பூ குறையும், இளந்தளிரில் அசுவினிப் பூச்சி ஏறும். அவரை, தட்டைப்பயறுக்கு இதில் பாதி போதும்.

உரம் மக்கியதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கையில் எடுத்தால் மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். எதிலிருந்து வந்தது என்று அடையாளம் தெரியக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு கைப்பிடி ஈர உரத்தை பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள். திறந்ததும் புளிப்போ, மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடியோ அடித்தால் இன்னும் மூன்று வாரம் மக்கட்டும். இன்னொரு சோதனை, பத்து முள்ளங்கி விதையை அந்த உரத்திலும் பத்தை வெறும் மண்ணிலும் ஊன்றிப் பார்ப்பது. உரத்தில் முளைப்பு குறைந்தால் அது இன்னும் மக்காத பச்சை உரம். மண்ணுக்குள் போன பச்சை உரம் மக்குவதற்குத் தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும், செடியின் அடியிலைகள் வெளிறும். மரத்தூள், காய்ந்த சருகு இவற்றையும் அதனால்தான் மண்ணுக்குள் புதைக்காமல் மேலே மூடாக்காகப் பரப்புகிறோம்.

மண்புழு உரத்தை வாங்கும்போது ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடித் தம்ளர் நீரில் போடுங்கள். போட்டவுடன் அடியில் மணல் தங்கினால் கலப்படம். நல்லது கறுப்பாக, தேயிலைத் தூள்போல் குருணையாக, நாற்றமில்லாமல் இருக்கும். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் நீர் சொட்டக் கூடாது. சணல் சாக்கில், நிழலில் வையுங்கள். காற்றுப் புகாத டப்பா வேண்டாம்.

உரத்தில் தவறி வந்த மண்புழுவைத் தொட்டியில் விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். உரம் தயாரிக்க வளர்க்கும் ஐசீனியா ஃபெடிடா போன்றவை மக்கும் சருகையும் சாணத்தையும் தின்று மேலடுக்கில் வாழ்பவை, மண்ணுக்குள் ஆழமாகப் போகாது. மொட்டை மாடித் தொட்டியின் சூட்டில் அவை பிழைக்காது. மறுபடி மக்கும் குவியலிலேயே விட்டுவிடுங்கள். ஆனால் சாண எருவில், விரல் பருமனில் வெள்ளையாக, ஆங்கில எழுத்து ‘சி’ போல் வளைந்த புழு கிடந்தால் அது மண்புழு அல்ல, வண்டின் புழு. பெரும்பாலும் காண்டாமிருக வண்டாக இருக்கும், எருவைத் தின்று வளர்ந்து பிறகு தென்னங்குருத்தைத் துளைக்கும். சிலவகை வெள்ளைப் புழுக்கள் வேரையே கடிக்கும். எருவை அரை அங்குலச் சல்லடையில் சலித்துப் பொறுக்கி எடுத்துவிட்டே பயன்படுத்துங்கள்.