துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு போலீஸ் மக்கள்கிட்ட எப்படி நடந்துக்கணும்

ஒரு தெருவுல துப்பாக்கிச் சூடு நடந்துடுச்சு, சுட்டது ரவுடியா இருக்கலாம், போலீஸே சுட்டிருக்கலாம், எதுவா இருந்தாலும் அடுத்த சில மணி நேரத்துல அந்தக் குடும்பத்துக்கிட்டயும் அக்கம்பக்கத்துக்காரங்ககிட்டயும் எப்படி நடந்துக்குறீங்களோ அதை வச்சுதான் கேஸே நிக்கும். மனிதாபிமானத்துக்காக மட்டும் இதைச் சொல்லல. சாட்சி வாயைத் திறக்கலன்னா இந்த மாதிரி கேஸ் நகராது, அன்னைக்கு லத்தியை ஓங்கி விரட்டின ஆளுங்ககிட்டயே ஒரு வாரம் கழிச்சுப் போய் "என்னங்க பார்த்தீங்க"ன்னு கேட்டா யாரு சொல்லுவா? பொறுப்புல இருக்குற அதிகாரிங்களுக்காகத்தான் எழுதுறேன், பாதிக்கப்பட்ட குடும்பங்களும் படிங்க, எதையெல்லாம் கேட்டு வாங்கலாம்னு புரியும்.

முதல் வேலை உயிரைக் காப்பாத்துறது. போலீஸ் துப்பாக்கியைப் பயன்படுத்துறது பத்தி ஐநா 1990-ல கொண்டுவந்த அடிப்படைக் கோட்பாடுகள்லயே இது இருக்கு, காயம்பட்டவங்களுக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வைத்தியம், சொந்தக்காரங்களுக்கும் அதே வேகத்துல தகவல். அடிபட்டவர் குற்றவாளியாவே இருந்தாலும் இதுதான். அமெரிக்காவுல பிலடெல்பியா போலீஸ் ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காம குண்டடி பட்டவங்களைத் தங்களோட வண்டியிலயே தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுற வழக்கம் பல வருஷமா இருக்கு. எல்லா இடத்துலயும் அது முடியாது, ஆனா ரத்தத்தை நிறுத்துற பட்டையும் கட்டுத்துணியும் ஒவ்வொரு ரோந்து வண்டியிலயும் இருக்கணும், அதைக் கட்டத் தெரிஞ்ச ஆளும் இருக்கணும்.

ஆள் இறந்துட்டா உடனே மறைப்பு கட்டுங்க. 2014 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட ஃபெர்குசன் ஊருல போலீஸ் சுட்டுக் கொன்ன மைக்கேல் பிரவுனோட உடல் சுமார் நாலு மணி நேரம் நடுரோட்டுல கிடந்துச்சு, சனங்க ஜன்னல்லருந்தும் வாசல்லருந்தும் பார்த்துக்கிட்டே நின்னாங்க, அந்த ஊரோட கோபத்துக்கு அதுவும் ஒரு பெரிய காரணம். தடயம் எடுக்க நேரம் ஆகும்தான், யாரும் இல்லன்னு சொல்லல. அந்த நேரத்துல ஒரு அதிகாரி, யாரும் உள்ள வராம இருக்க போலீஸ் கட்டுற டேப் பக்கத்துல வந்து ஏன் லேட் ஆகுது, இப்ப என்ன நடக்குதுன்னு அரை மணிக்கு ஒரு தடவை சொல்லணும், அவ்வளவுதான்.

டேப்புக்கு இந்தப் பக்கம் அழுதுக்கிட்டு ஓடி வர்ற ஆளுங்கதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. அதே 2014 நவம்பர்ல கிளீவ்லாண்டுல 12 வயசுப் பையன் டமிர் ரைஸை போலீஸ் சுட்டப்ப, தம்பியைப் பார்க்க ஓடி வந்த 14 வயசு அக்காவைக் கீழ தள்ளி விலங்கு மாட்டி வண்டியில உட்கார வச்சாங்க. ஓடி வர்றவங்களைத் தடுக்கத்தான் வேணும், ஆனா அதுக்குன்னே ஒரு ஆளை, முடிஞ்சா சீருடை இல்லாம, முதல்லயே ஒதுக்கி வைங்க. அவர் செய்ய வேண்டியது இதான்: தள்ளிக் கூட்டிட்டுப் போய் உட்கார வச்சு, தண்ணி குடுத்து, "அம்மா, நான் உங்ககூடவே இருக்கேன். உள்ள விட முடியாது, தடயம் கலைஞ்சா நாளைக்கு உங்க கேஸுக்குத்தான் நஷ்டம். உங்க பையனை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்கன்னு கேட்டு இப்பவே சொல்றேன்"னு சொல்லணும், சொன்னபடி கேட்டுச் சொல்லவும் செய்யணும். பிரிட்டன்ல இதுக்குன்னு பயிற்சி குடுத்த குடும்பத் தொடர்பு அதிகாரிங்களே இருக்காங்க, கேஸ் முடியுற வரைக்கும் குடும்பத்துக்கு அவர்தான் தொடர்பு. அந்த அளவுக்கு ஏற்பாடு இல்லாத ஸ்டேஷன்லயும் ஒரு பேரு, ஒரு போன் நம்பர் தாள்ல எழுதிக் கையில குடுக்க முடியும்.

சாவுச் செய்தியை நேர்ல போய்ச் சொல்லுங்க, ரெண்டு பேராப் போங்க, ஆள் அடையாளத்தை உறுதி பண்ணிட்டுப் போங்க. "சீரியஸா இருக்காரு, கிளம்பி வாங்க"ன்னு போன்ல இழுக்குறது வேண்டாம், "இறந்துட்டாருங்க"ன்னு நேராச் சொல்லிட்டு அப்புறம் வாயை மூடிக்கிட்டு கொஞ்ச நேரம் உட்காருங்க. 2022-ல டெக்சாஸ் உவால்டே பள்ளிக்கூடத்துல 19 பிள்ளைங்களும் 2 டீச்சருங்களும் செத்த அன்னைக்கு, காத்துக்கிட்டு இருந்த பெத்தவங்ககிட்ட இன்னொரு பஸ்ல பிள்ளைங்க வருதுன்னு சொன்னாங்க, அப்படி ஒரு பஸ்ஸே கிடையாது. தெரியாததை ஆறுதலுக்காகச் சொல்றது அந்த நிமிஷத்துக்குத்தான் ஆறுதல்.

அடுத்தது பத்திரிகைக்குப் போற முதல் அறிக்கை. பெரும்பாலும் சொதப்புறது இங்கதான். லண்டன் ஸ்டாக்வெல் ஸ்டேஷன்ல 2005-ல ஜான் சார்லஸ் டி மெனெசெஸை தீவிரவாதின்னு தப்பா நினைச்சு சுட்டுட்டு, அவரு உடுப்பும் நடந்துக்கிட்ட விதமும் சந்தேகமா இருந்துச்சுன்னு அறிக்கை விட்டாங்க, பொய்யாப் போச்சு. 2011-ல அதே லண்டன்ல டாட்டன்ஹாம் பகுதியில மார்க் டகன்ங்கிறவரு போலீஸ் சுட்டுச் செத்தப்ப ரெண்டு பக்கமும் சுட்டுக்கிட்டாங்கன்னு ஒரு தப்பான தகவல் வெளிய போச்சு, குடும்பத்துக்கும் முறையாச் சொல்லல, ரெண்டு நாள் கழிச்சு அவங்க பதில் கேட்டு ஸ்டேஷன் வாசல்ல மணிக்கணக்கா நின்னாங்க, அன்னைக்கு ராத்திரி தொடங்கின கலவரம் வேற ஊருங்களுக்கும் பரவிடுச்சு. அதனால அறிக்கையில மூணே விஷயம் போதும், உறுதியாத் தெரிஞ்சது, இன்னும் தெரியாதது, அடுத்து எப்ப பேசுவோம்ங்கிறது. செத்தவரோட பழைய கேஸ் கட்டை அன்னைக்கே எடுத்து டிவிக்குக் குடுக்காதீங்க, இந்தக் குண்டு எப்படிப் பாஞ்சதுங்கிறதுக்கும் பத்து வருஷத்துக்கு முன்னாடி போட்ட திருட்டு கேஸுக்கும் என்ன சம்பந்தம்?

சுட்டது போலீஸ்னா விசாரணையை அதே ஸ்டேஷன் நடத்தவே கூடாது. நம்ம உச்ச நீதிமன்றம் 2014-ல பியுசிஎல்ங்கிற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்குல, என்கவுன்டர் சாவுகளை எப்படி விசாரிக்கணும்னு 16 வழிமுறைகள் குடுத்திருக்கு, அதுல சிஐடியோ வேற ஸ்டேஷன் டீமோதான் விசாரிக்கணும், குடும்பத்துக்கு சீக்கிரம் தகவல் போகணும், சம்பவம் நடந்த கையோட பதவி உயர்வோ வீர விருதோ குடுக்கக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. சுட்டவங்களைத் தனித்தனியா வச்சு வாக்குமூலம் வாங்குங்க, ஒண்ணா உட்கார்ந்து பேசி முடிச்ச கதையை அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க. போலீஸ் சட்டையில மாட்டுற பாடி கேமரா வீடியோ இருந்தா ஊருக்குக் காட்டுறதுக்கு முன்னாடி குடும்பத்துக்குக் காட்டுங்க, பார்க்க வேண்டாம்னாங்கன்னா விட்டுடுங்க.

உயிரோட தப்பிச்சவரை ஆஸ்பத்திரி கட்டில்லயே "நீ எந்த கேங்"னு ஆரம்பிக்கிறது பல ஊர்ல பழக்கமாவே ஆயிடுச்சு. டாக்டர் சரின்னு சொன்னப்புறம் போங்க, வலி மருந்துல இருக்குறவர்கிட்ட நீளமாக் கேட்காதீங்க, போனையும் துணியையும் எடுத்தா ரசீது குடுங்க, எப்ப திரும்பக் கிடைக்கும்னும் சொல்லுங்க. நிவாரணத்துக்கு எங்க விண்ணப்பம் போடணும்னும் அப்பவே சொல்லணும், போலீஸ் ரிப்போர்ட்ல அலட்சியமா எழுதுற ஒரு வரியால அந்தப் பணம் நின்னு போறதும் நடக்குது.

தெருவுல விசாரிக்கப் போறப்ப ஒரு வீட்டுல மட்டும் அரை மணி நேரம் நிக்காதீங்க, அடுத்த நாளே அந்த வீட்டுக்காரர்தான் காட்டிக் குடுத்தாருன்னு பேச்சு கிளம்பிடும், அவர் உயிருக்கே ஆபத்து. எல்லா வீட்டுலயும் ஒரே அளவு நேரம் நின்னு, எல்லார்கிட்டயும் அதே நம்பரைக் குடுத்துட்டு வந்துடுங்க, சொல்ல நினைக்கிறவங்க தாங்களே கூப்பிடுவாங்க. பழிவாங்கல் நடக்கும்னு பயந்து அந்த ஏரியா பசங்களை மொத்தமாப் பிடிச்சுட்டுப் போறதையும் விடுங்க, அதுல உண்மையில பார்த்த பையனும் வாயை மூடிக்குவான். அப்புறம் ரோட்டுல இருக்குற ரத்தத்தைக் கழுவ ஏற்பாடு பண்ணிட்டுத்தான் டேப்பைக் கழட்டணும், செத்தவரோட அம்மா பக்கெட் எடுத்துட்டு வந்து கழுவுற நிலைமை வரவே கூடாது.

கூட்டம் கலைஞ்சப்புறமும் குடும்பத்துக்கு மாசம் ஒரு போனாவது போடுங்க, புதுசா ஒண்ணும் இல்லன்னா அதையே சொல்லுங்க. கைது, ஜாமீன், கோர்ட் தேதி, கேஸை மூடுற முடிவு, எதுவா இருந்தாலும் டிவியில வர்றதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், மூடுறீங்கன்னா ஏன்னு வீட்டுக்கே போய் உட்கார்ந்து சொல்லணும், மேல எங்க முறையிடலாம்னும் எழுதிக் குடுத்துட்டு வரணும்.