பஸ் ஏறும் முன் ஸ்டிக்கரைப் படியுங்கள்: ரேம் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். இங்கிருந்து ரேம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) வாங்கப் போகிறவர்கள் கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போவார்கள், இல்லாவிட்டால் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு. மேற்கே போனால் பாலக்காடு. எந்தப் பக்கம் போனாலும் அரைநாள் வேலை கெடும். தப்பான ரேமோடு திரும்பி வந்தால் இன்னொரு அரைநாளும் போகும், கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்ற கவலையும் சேரும். இப்படி அலைந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"எட்டு ஜிபி ரேம் ஒண்ணு குடுங்கண்ணா" என்று கேட்பதிலேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. ஜிபி என்பது கொள்ளளவு மட்டும்தான். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது தலைமுறை: டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. டெஸ்க்டாப்பில் டிடிஆர்3-க்கு 240 பின் (விளிம்பில் உள்ள தங்க நிறத் தொடுமுனை), டிடிஆர்4-க்கு 288. டிடிஆர்5-க்கும் 288தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். லேப்டாப் ரேம் நீளத்தில் பாதிதான். அதில் முறையே 204, 260, 262 பின். ஸ்லாட்டில் (ரேமைச் செருகும் இடம்) இறங்காத ரேமை அழுத்தவே அழுத்தாதீர்கள். அந்த வெட்டு இருப்பதே தப்பானது உள்ளே போகாமல் தடுக்கத்தான்.

சரி, எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பழைய ரேமில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரே போதும். '8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி-எஸ்ஏ2-11' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். பிசி4 என்றால் டிடிஆர்4. 2666 வேகம். பக்கத்தில் உள்ள 'வி' அந்த வேகத்துக்கான தாமதக் கணக்கை (கேட்ட தகவலைத் தர ரேம் எடுக்கும் நேரம், சுருக்கமாக சிஎல்) குறிக்கும். 2666வி என்றால் சிஎல்19, 2400டி என்றால் சிஎல்17. அடுத்து வரும் எழுத்துதான் முக்கியம். 'எஸ்' லேப்டாப், 'யு' சாதாரண டெஸ்க்டாப், 'ஆர்' சர்வர். '1ஆர்எக்ஸ்8' என்பது சிப்புகள் அடுக்கப்பட்ட விதம். அந்த இடத்தில் 1ஆர்எக்ஸ்16 என்று இருந்தால் ரேமில் நாலே சிப்புகள்தான் இருக்கும். வேலை செய்யும், ஆனால் அதே வேகத்து 1ஆர்எக்ஸ்8-ஐவிடக் கொஞ்சம் மந்தம்.

சில ஸ்டிக்கரில் பிசி3-12800, பிசி4-21300 என்று பெரிய எண் இருக்கும். 12800-ஐப் பார்த்ததும் 1600-ஐவிட எட்டு மடங்கு வேகம் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே ரேமின் இரண்டு பெயர்கள். ஒரு முறைக்கு 8 பைட் போகிறது, நொடிக்கு 1600 மில்லியன் முறை. பெருக்கினால் நொடிக்கு 12800 எம்பி. எட்டால் வகுத்தால் வேகம் வந்துவிடும். 21300-ஐ வகுத்தால் 2662 வரும், அதுதான் 2666. அச்சிடும்போது கடைசி இலக்கங்களை முழுதாக்கியிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. மெஷினின் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் 2666 ரேமுக்கு 1330 சொச்சம் காட்டும். "ஏமாத்திட்டாங்கண்ணா" என்று பதறி ஓடி வருவார்கள். யாரும் ஏமாற்றவில்லை. டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் அனுப்பும். அந்த மென்பொருள் துடிப்பை மட்டும் எண்ணிக் காட்டுகிறது. இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது என்னை உண்மையிலேயே சிரமப்படுத்திய தவறு. நான்காம் தலைமுறை இன்டெல் பிராசஸர் உள்ள லேப்டாப் ஒன்றுக்குப் பொள்ளாச்சிக் கடை ஒன்றில் 'டிடிஆர்3 லேப்டாப் ரேம்' என்று கேட்டு வாங்கிவந்தேன். பளிச்சென்று உட்கார்ந்தது, ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது. மதர்போர்டில்தான் கோளாறு என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். கடைசியில் பழைய ரேமைப் பார்த்தால் பிசி3எல். 'எல்' என்றால் 1.35 வோல்ட். நான் வாங்கியது வெறும் பிசி3, அதற்கு 1.5 வோல்ட் வேண்டும். அந்த லேப்டாப் 1.35-க்கு மேல் கொடுக்காது. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். பிசி3எல் ரேமை 1.5 வோல்ட் டெஸ்க்டாப்பில் போட்டால் பிரச்சினை இல்லை, ஓடும். அதனால் டிடிஆர்3-இல் சந்தேகம் வந்தால் 'எல்' உள்ளதையே வாங்குங்கள்.

வேகம் அதிகமாக இருந்தால் நல்லது என்று கூடுதல் காசு கொடுப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். ஐ3-8100 பிராசஸர் ரேமை 2400 வரைதான் ஓட்டும். அதை எச்310 வகை மதர்போர்டில் வைத்து 3200 ரேம் போட்டாலும் 2400-இல்தான் ஓடும். வேறு வேறு வேகத்தில் இரண்டு ரேம் போட்டால் இரண்டுமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். பெட்டியில் 3600 என்று போட்டிருக்கும் ரேமும் பயாஸில் (மெஷினை ஆன் செய்ததும் நுழையும் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை ஆன் செய்யும்வரை அந்த வேகத்தைத் தொடாது. காசு மிச்சமிருந்தால் வேகத்துக்குப் பதில் ஜோடியாக வாங்குங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் ஒரே 8 ஜிபி-யைவிட இரண்டு 4 ஜிபி நன்றாக ஓடும், ஏனென்றால் இரண்டு பாதையில் தகவல் போகிறது.

ஆன்லைனில் 16 ஜிபி ரேம் நம்பமுடியாத விலைக்குக் கிடைத்தால் ஸ்டிக்கர் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் 'ஆர்' இருக்கும். பழைய சர்வரில் கழற்றியது. வீட்டு மதர்போர்டில் அது உயிர் பெறாது.

வாங்கும் முன் மெஷினில் இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கம் போனால், மொத்த ஸ்லாட் எத்தனை, நிரம்பியது எத்தனை, வேகம் என்ன என்று காட்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் கேரளப் பள்ளியில் உபுண்டுவில் (விண்டோஸ் மாதிரி ஒரு லினக்ஸ் இயங்குதளம்) படிப்பதால் சில வீடுகளிலும் அதுவே இருக்கிறது. அங்கே டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) டிஎம்ஐடிகோட் கட்டளை இதையெல்லாம் சொல்லும். மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும், கழற்றி மாற்ற முடியாது. அப்புறம், நான்காம் தலைமுறை இன்டெல்லில் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி-தான் எல்லை, 16 ஜிபி ரேமை அது ஏற்காது.

புது ரேம் போட்டும் திரை வரவில்லை என்றால் உடனே பஸ் ஏறாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் இங்கே ஸ்லாட்டுக்குள் தூசி அப்பிவிடும். கரண்ட்டைப் பிடுங்கி, ஸ்லாட்டை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ரேமின் தங்க நிறப் பகுதியை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, கிளிப் 'டக்' என்று விழும்வரை மறுபடி உட்கார வையுங்கள். திரை வந்துவிட்டால் அன்று இரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் காலையில் பில்லை எடுத்துக்கொண்டு ரேமைக் கடையில் மாற்றி வாங்குங்கள்.