நாலரை மா சருகு

பாஸ்டனிலிருந்து மேற்கே நாற்பது நிமிஷம் காரில் வந்தால் எங்கள் ஊர். வீடும் மனையுமாக ஒன்றரை ஏக்கர். தஞ்சாவூர்க் கணக்கில் நாலரை மா. ஊரில் இருந்த நிலத்தையெல்லாம் தாத்தா காலத்திலேயே விற்றுத் தின்றுவிட்ட குடும்பத்தில், நான் ஒருத்தன் நாலரை மாவுக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டேன் என்று பெருமைப்பட்டது மே மாதத்தில். அதில் மூன்று மா வெறும் மரம் என்பதும், அந்த மரங்கள் என்ன செய்யும் என்பதும் தெரிந்தது அக்டோபரில்.

முதல் வருஷம் மேப்பிள் சிவந்து கொட்ட ஆரம்பித்த அன்றே சருகு வாரும் ரேக்கை எடுத்துவிட்டேன். மூன்று சனி, ஞாயிறு. முப்பது காலன் காகிதப் பை அறுபத்தெட்டு. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். கடைசிப் பையை மடித்து நிமிர்ந்தபோது புல்தரை பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. நாலாம் நாள் ஓக் கொட்ட ஆரம்பித்தது. வாரக் கடைசியில் பார்த்தால் நான் ஒரு இலைகூட அள்ளாத மாதிரி கிடந்தது தரை.

அதனால் முதல் வேலை, ரேக்கைத் தொடாமல் மரங்களை அடையாளம் கண்டுகொள்வது. எங்கள் பக்கம் சிவப்பு மேப்பிளும் சர்க்கரை மேப்பிளும் அக்டோபர் நடுவிலிருந்து கடைசிக்குள் கொட்டி முடித்துவிடும். வெள்ளைப் பைன் ஊசிகளும் அக்டோபரில்தான் பழுத்து உதிரும். ஓக் அவசரப்படாது. நவம்பர் முழுக்க எடுத்துக்கொள்ளும். பீச் மரமும் இளம் ஓக்கும் இன்னும் அடம். காய்ந்த இலையைக் கிளையிலேயே வைத்துக்கொண்டு வசந்தத்தில்தான் விடும். இது தெரிந்தால் கணக்கு எளிது: மூன்று சுற்று. அக்டோபர் கடைசியில் ஒன்று, நவம்பர் நடுவில் ஒன்று, நவம்பர் கடைசியில் வரும் நன்றிவிடுமுறைக்குப் பிறகு, முதல் பெரிய பனிப்பொழிவுக்கு முன், ஒன்று. நடுவில் விழுவதைக் கண்டுகொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டுத் தரை சுத்தமாக இருந்தால் இருக்கட்டும்.

அடுத்தது, எதைக் கூட்ட வேண்டும் என்று முடிவு செய்வது. வேலையில் பாதி இதிலேயே குறைந்துவிடும். ஒரு வருஷம் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தாள். கொல்லைப் பக்கக் கதவைத் திறந்து, காட்டுக்குள் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் சருகு கிடப்பதைப் பார்த்துவிட்டு, “ஏன்டா, இப்படிப் போட்டு வெச்சிருந்தா வீட்டுல மகாலக்ஷ்மி தங்குவாளாடா?” என்றாள். மரத்தடிச் சருகு மரத்துக்கே சாப்பாடு, அதைக் கூட்டினால் மரம் பட்டினி கிடக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். வாசலுக்கும் தோப்புக்கும் ஒரே நியாயம்தான் அவளுக்கு. ஆனால் அந்த வித்தியாசம்தான் முக்கியம். காட்டுத் தரை கூட்டுவதற்கானது இல்லை. மின்மினியின் புழுவும், லூனா அந்துப்பூச்சியின் கூடும், மரத்தவளையும் அந்தச் சருகுக்குள்தான் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. ஜூன் இரவில் மின்மினி வேண்டும் என்றால் நவம்பரில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

கூட்ட வேண்டியது இவ்வளவுதான்: புல்தரை, கார் வரும் பாதை, படிகள், வீட்டுச் சுவரை ஒட்டி நாலைந்தடி, நிலவறை ஜன்னல் குழிகள், வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பெட்டியையும் துணி உலர்த்தியின் காற்றுப் போக்கியையும் சுற்றி, தெருவோர மழைநீர் வடிகால் வாய். என் நாலரை மாவில் இது ஒன்றரை மாதான் வரும்.

சாமான்கள். முப்பது அங்குல அகல பிளாஸ்டிக் ரேக் ஒன்று. இரும்புப் பல் ரேக் புல்லைப் பிடுங்கும், பூச்செடி ஓரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். காற்றால் சருகை ஊதித் தள்ளும் ப்ளோவர் வாங்கும்போது பெட்டியில் மணிக்கு இத்தனை மைல் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்று தள்ளும் என்ற எண்தான் சருகை நகர்த்தும். 600-க்குக் குறைந்தால் ஈர ஓக் இலை உங்களைப் பார்த்துச் சிரிக்கும். என்னிடம் இருப்பது 56 வோல்ட் பேட்டரி ப்ளோவர். முழு வேகத்தில் வைத்தால் இருபது நிமிஷத்தில் படுத்துவிடும். பாதி வேகத்தில் ஓட்டி, தேவைப்படும் இடத்தில் மட்டும் முடுக்கினால் முக்கால் மணி நேரம் வரும். பெட்ரோல் ப்ளோவரை முதுகில் மாட்டுகிறவர்கள், பெட்ரோல் 50-க்கு ஆயில் 1 கலவை என்றால் ஒரு காலனுக்கு 2.6 அவுன்ஸ் ஆயில் என்பதையும், காதுக்கு மூடி போட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இந்தச் சத்தத்துக்காகவே வாஷிங்டன் நகரில் 2022 ஜனவரியிலிருந்து பெட்ரோல் ப்ளோவருக்குத் தடை.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆயுதம் தார்ப்பாய். பத்துக்குப் பன்னிரண்டு அடி, மலிவான நீலப் பாய் போதும்.

நாள் பார்ப்பது கல்யாணத்துக்கு மட்டும் இல்லை, இதற்கும் உண்டு. மழை விட்டு இரண்டு நாள் காய்ந்திருக்க வேண்டும். காலையில் பத்து மணிக்கு முன் இறங்காதீர்கள், பனி ஈரம் போயிருக்காது. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதற்கப்புறம் நாலரைக்கே இருட்டு. ஆபீஸ் முடிந்து வந்து கொஞ்சம் அள்ளலாம் என்ற எண்ணமெல்லாம் அன்றோடு சரி. கொஞ்சம் சருகை எடுத்துத் தலைக்கு மேல் விடுங்கள், எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே வேலை. காற்றை எதிர்த்து நின்று அரை நாள் ப்ளோவர் பிடித்தவன் நான்.

வீட்டுச் சுவரிலிருந்து ஆரம்பித்து வெளியே, காட்டைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். குழாயின் வாயைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சாய்வாக, இடதும் வலதுமாக வீசிக்கொண்டே நடக்க வேண்டும். சருகு ஒரு வரப்பு மாதிரி எழும்பி முன்னால் உருளும். வரப்பு முழங்கால் உயரம் வந்துவிட்டால் அதற்கு மேல் காற்று தள்ளாது, மேலே எறிந்து பின்னால்தான் போடும். அந்த இடத்தில் ப்ளோவரைக் கீழே வைத்துவிட்டுத் தார்ப்பாயை எடுங்கள். காடு பக்கத்திலேயே இருந்தால் தார்ப்பாயே வேண்டாம், அப்படியே உள்ளே தள்ளிவிடலாம். எனக்கு முன்பக்கத் தரையிலிருந்து காட்டுக்கு நூற்றைம்பது அடி.

தார்ப்பாயை வரப்புக்கு முன்னால் விரித்து, வரப்பை ஒட்டிய விளிம்பை ஒரு காலால் மிதித்துக்கொண்டு ரேக்கால் வாரிப் போட வேண்டும். மிதிக்காவிட்டால் சருகு பாய்க்கு அடியில் போகும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் நிறுத்துங்கள். ஆசைப்பட்டு மலை மாதிரி குவித்தால் வழியெல்லாம் சிந்தும். முன்முனை இரண்டையும் சேர்த்து முறுக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தேர் வடம் பிடிக்கிற மாதிரி முன்னால் சாய்ந்து நடக்க வேண்டும். கையால் இழுத்தால் மறுநாள் முதுகு பேசும். கொட்டும் இடம் வந்ததும் தூக்காதீர்கள். முன்முனையை விட்டுவிட்டு, பின்பக்கம் போய் அந்த இரண்டு முனைகளைப் பிடித்து, சருகுக்கு மேலாகவே முன்பக்கம் இழுத்துக்கொண்டு போங்கள். பாய் உள்பக்கம் வெளியாகப் புரளும், சருகு தானாகக் கவிழ்ந்துவிடும். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது எண்பது வயது பக்கத்து வீட்டுத் தாத்தா. ஐந்து வருஷம் நான் பாயைத் தூக்கித் தூக்கி உதறுவதை அவர் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன், நீ கேட்கவே இல்லையே என்றார்.

காட்டுக்குள் கொட்டும்போது ஒரே இடத்தில் குவிக்காமல், கணுக்கால் உயரத்துக்குப் பரப்பி விடுங்கள். மரத்தின் அடியை ஒட்டிக் குவித்தால் பட்டை ஈரத்தில் அழுகும், எலி வகையறா உள்ளே குடியேறிப் பட்டையைக் கடிக்கும்.

எல்லாச் சருகையும் இழுக்க வேண்டியதும் இல்லை. முதல் சுற்று மேப்பிள் இலை மெல்லிசு. அதைப் புல் வெட்டும் மோவரால் அங்கேயே அரைத்துவிடலாம். பிளேடை மூன்று அங்குல உயரத்தில் வைத்து, பையைக் கழற்றிவிட்டு, நெடுக்கில் ஒரு தடவை, குறுக்கில் ஒரு தடவை. அரைத்த பிறகு துணுக்குகளுக்கு நடுவில் புல் நுனி தெரிய வேண்டும். தெரிந்தால் நல்லது, அது புல்லுக்கு உரம். தெரியாவிட்டால் அதிகம், பையை மாட்டி மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ஓக் இலை தடிமன், தோல் மாதிரி. காய்ந்திருந்தால் மட்டுமே அரைபடும், மண்ணில் மட்கவும் நாளாகும். மோவரின் சூடான சைலென்சரைச் சுற்றிச் சருகு அடைந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள், தீப்பிடிக்கும்.

அரைத்த சருகில் ஒரு பங்கை நான் மக்கு உரம் போட எடுத்துக்கொள்கிறேன். நாலடி உயரக் கம்பி வலையைப் பதின்மூன்றடிக்கு வெட்டி வளையமாகக் கட்டினால் நாலடி விட்டத்தில் ஒரு குதிர் கிடைக்கும். அதில் சருகு, ஒரு கை காப்பிப் பொடிச் சக்கை, கொஞ்சம் தண்ணீர், மறுபடி சருகு. முழு இலை என்றால் இரண்டு வருஷம், அரைத்தது என்றால் ஒரு வருஷம். கறுப்பாக, மழை பெய்த காட்டு வாசனையோடு பொலபொலவென்று வரும். என் கத்தரியும் மிளகாயும் அதில்தான். ஓக் இலை மண்ணைப் புளிக்க வைத்துவிடும் என்று சொல்வார்கள். மட்கிய பிறகு அப்படி ஒன்றும் இல்லை.

எங்கே கொட்டக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கொல்லைக் கடைசியில் ஒரு ஓடை. இரண்டாம் வருஷம் அதன் கரையில் சருகை மலையாகக் கொட்டினேன், தண்ணீர் அடித்துக்கொண்டு போகட்டும் என்று. ஊர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, மரியாதையாகத்தான், எல்லாவற்றையும் திரும்ப அள்ளச் சொன்னார். இந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஈரநிலத்தைச் சுற்றி நூறடிக்குச் சட்டப் பாதுகாப்பு. சருகு மட்கும்போது தண்ணீரில் சத்தைக் கொட்டிப் பாசி பிடிக்க வைக்கும். நனைந்த ஓக் சருகை ஓடையிலிருந்து அள்ளிப் பார்த்தவனுக்குத்தான் அதன் எடை தெரியும். போகி ஞாபகத்தில் கொளுத்தவும் கூடாது, இங்கே சருகு எரிப்பது எந்த மாதமும் குற்றம். வீட்டுக் குப்பையோடும் போட முடியாது.

உண்ணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். உண்ணி கடித்து வரும் லைம் நோய்க்குப் பெயர் கொடுத்த லைம் என்கிற ஊர் பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில்தான் இருக்கிறது. அதைப் பரப்பும் மான் உண்ணி குஞ்சில் கசகசா அளவு, வளர்ந்தால் எள்ளளவு. வளர்ந்தது அக்டோபர், நவம்பரிலும் சுறுசுறுப்பாக அலையும், குளிர் வந்தால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். வெளிர் நிறப் பேன்ட், அதைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். உள்ளே வந்ததும் துணியை நேராக டிரையரில் பத்து நிமிஷம் அதிகச் சூட்டில் போட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள். முழங்காலுக்குப் பின்னால், அக்குள், காதோரம், இடுப்புப் பட்டி படும் இடம் எல்லாம் பார்க்க வேண்டும். மூன்று வருஷம் முன்னால் என் மனைவிதான் டார்ச் அடித்துப் பார்த்து, “என்னங்க, இந்த மச்சம் நேத்து இல்லையே” என்றாள். மச்சத்துக்குக் கால் இருந்தது. கூர் முனைச் சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்தோம். நெருப்புக்குச்சி, எண்ணெய் என்று எதுவும் வைக்கக் கூடாது.

மரத்தில் ரோமம் ரோமமாக ஒரு கொடி ஏறியிருந்தால் அது பாய்சன் ஐவி. இலை உதிர்ந்த பிறகும் அதன் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அந்த மரத்தடிச் சருகை வெறும் கையால் தொடாதீர்கள். தரையில் ஒரு துளையிலிருந்து மஞ்சள் குளவி வந்து போனால், அந்த இடத்தைக் கடும் உறைபனி விழும் வரை விட்டுவிடுங்கள்.

மழைநீர் வடியும் கூரையோரக் கட்டரை மட்டும் கடைசி ஓக் கொட்டிய பிறகு ஒரே தடவை சுத்தம் செய்தால் போதும். ஏணியைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உங்கள் கூரை இரண்டு மாடி உயரம் என்றால் காசு கொடுத்து ஆள் வையுங்கள், நான் அப்படித்தான்.

படிகளும் மரப் பலகைத் தளமும் மிச்சம். பலகை இடுக்கில் சொருகிக்கொண்ட பைன் ஊசியை ரேக்கும் எடுக்காது, ப்ளோவரும் எடுக்காது. அந்த வருஷம் அம்மா பெட்டிக்குள் புடவையில் சுற்றி ஒரு ஈர்க்கு விளக்குமாறு கொண்டுவந்திருந்தாள். இந்த ஊர்த் துடைப்பத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனாள். அதன் அடியைத் தரையில் நாலு தட்டுத் தட்டி, ஈர்க்கை இடுக்கின் நெடுக்கே சாய்த்துச் சீய்த்தால் ஊசி மொத்தமும் கற்றையாக வந்துவிடுகிறது. இப்போது ஈர்க்கு பாதி தேய்ந்து, முழ நீளம்கூட இல்லை. அடுத்த முறை ஊரிலிருந்து யார் வந்தாலும் இரண்டு கட்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.