சிறு குழந்தைகளைப் பிறருக்கு உதவப் பழக்குவது எப்படி?

உதவும் குணத்தைக் குழந்தைகளுக்குப் புதிதாக ஊட்ட வேண்டிய அவசியமில்லை. கைதவறி விழுந்த பொருளை எட்டி எடுக்க முடியாமல் தவிப்பதுபோல் 18 மாதக் குழந்தைகளின் முன் ஒருவர் நடித்தபோது, இத்தகைய சூழல்களில் பெரும்பாலான குழந்தைகள் ஒருமுறையாவது தாமாகவே உதவ முன்வந்ததை உளவியல் ஆய்வாளர்கள் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தொமசெல்லோ ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உதவியதற்காகப் பரிசு பெற்றுப் பழகிய 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றபின் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள் என்பதையும் அவர்கள் 2008இல் கண்டறிந்தார்கள். ஆகவே, உதவிக்குக் கூலியாக மிட்டாயோ பொம்மையோ தருவதை முதலில் நிறுத்திவிடுங்கள்.

இரண்டு, மூன்று வயதில் தருமம் என்ற கருத்து எட்டாது. பக்கத்தில் இருப்பவரின் தேவை மட்டுமே கண்ணில் படும். பாப்பாவுக்குத் துண்டு எடுத்து வருவது, தாத்தாவின் மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கொடுப்பது போன்ற சிறு வேலைகள் இந்த வயதுக்குப் போதுமானவை. குழந்தை மடித்து வைத்த துணியை அதன் கண்ணெதிரே பிரித்து மறுபடி மடிக்காமல் இருக்கும் பொறுமைதான் பெரியவர்களுக்குத் தேவை.

நான்கு, ஐந்து வயதில் பொருள்களைக் கொடுக்கப் பழக்கலாம். கொடுக்கவிருக்கும் இல்லத்துக்கு என்ன தேவை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. சுத்தம் செய்வது கடினம் என்பதால் பஞ்சுப் பொம்மைகளைச் சில இடங்களில் வாங்குவதில்லை. பிறகு, குழந்தையையே பொருள்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். புதிர்ப் படத்தைக் கடைசியாக ஒருமுறை அடுக்கிப் பார்த்து, துண்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணி, ஒரே பையில் போட்டு வாயைக் கட்டி, அதன்மேல் துண்டுகளின் எண்ணிக்கையை எழுதும் குழந்தைக்கு, அந்தப் பையைப் பிரிக்கப்போகும் இன்னொரு குழந்தை மனக்கண்ணில் வந்துவிடுகிறது. துண்டு குறைந்த புதிரையும் பக்கம் கிழிந்த புத்தகத்தையும் கொடுப்பது நன்கொடை ஆகாது; நம் வீட்டுக் குப்பையை இன்னொருவர் தலையில் கட்டுவதாகவே முடியும். எதைக் கொடுப்பது என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். உயிருக்கு உயிரான பொம்மையைக் கொடுக்கச் சொல்லி வற்புறுத்துவதும், குழந்தை தூங்கும்போது எடுத்துக் கொடுத்துவிடுவதும் ஒன்றுக்கொன்று சளைத்த தவறுகள் அல்ல.

ஆறு, ஏழு வயதில் பணத்தைக் கையாளத் தொடங்கலாம். செலவு, சேமிப்பு, கொடை என எழுதி ஒட்டிய மூன்று கண்ணாடிப் புட்டிகள் இருந்தால், பணம் ஏறுவதும் இறங்குவதும் வெளிப்படையாகத் தெரியும். பதிவு பெற்றதா, ஆண்டுக் கணக்கை வெளியிடுகிறதா என்று நீங்கள் விசாரித்துத் தேர்ந்த இரண்டு மூன்று அமைப்புகளைக் குழந்தைமுன் வைத்து, அவற்றுள் ஒன்றை அதுவே தேர்ந்தெடுக்க விடுங்கள். கைபேசியில் அனுப்பும் தொகை குழந்தையின் மனதில் பதிவதில்லை என்பதால், நாணயங்களைச் சேர்ந்து எண்ணி நேரில் கொடுப்பது மேல்; முடியாவிட்டால் ரசீதையாவது படித்துக் காட்டலாம். பேரிடர்க் காலங்களில், கேட்காமல் குவியும் பழைய துணிகளைத் தரம் பிரிப்பதிலேயே நிவாரணப் பணியாளர்களின் நேரம் வீணாகிறது. அப்போது பணமாகக் கொடுப்பதே உதவி என்பதையும் இந்த வயதில் விளக்கிவிடலாம்.

புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த அலெக்சாண்ட்ரா ஸ்காட் என்ற அமெரிக்கச் சிறுமி, 2000இல், தன் நான்காம் வயதில், எலுமிச்சைச் சாறு விற்று, தன்னைப் போன்ற பிற குழந்தைகளின் மருத்துவத்துக்காக நிதி திரட்டியது பெரும் இயக்கமாக வளர்ந்தது. இத்தகைய கதைகளைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் அவற்றை அளவுகோலாக்கி, நம் குழந்தையின் சிறு தொகையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

நிதி திரட்டுவதற்காகக் குழந்தையைத் தனியே வீடு வீடாக அனுப்பக் கூடாது. உதவி பெறுபவருடன் நிற்க வைத்துப் படம் எடுத்துப் பகிர்வதையும் தவிர்க்க வேண்டும். வாங்குபவருக்கு அது கூச்சத்தைத் தருவதோடு, படத்துக்காகவே கொடுக்கிறோம் என்ற எண்ணத்தையும் குழந்தையிடம் விதைத்துவிடும். “அவர்களுக்கு ஏன் வீடு இல்லை?” என்று கேட்டால், வயதுக்கேற்பச் சுருக்கமாக, உண்மையைச் சொல்லுங்கள். ஒரு மாதம் கொடைப் புட்டியில் எதுவும் போட மாட்டேன் என்று குழந்தை அடம்பிடித்தால், காரணத்தை மட்டும் கேட்டுக்கொண்டு அடுத்த மாதம்வரை விட்டுவிடலாம்.