கப்பல் நிற்கும் எட்டு மணி நேரத்தில் கலங்கரை விளக்கங்கள்: பிரின்ஸ் எட்வர்ட் தீவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் கிழக்குக் கரையோரமாகப் போகும் குரூஸ் கப்பல்கள் பல, பிரின்ஸ் எட்வர்ட் தீவின் தலைநகரான சார்லட்டவுனில் ஒரு பகல் நிற்கும். காலையில் வந்து மாலையில் கிளம்பிவிடும். தீவைச் சுற்றி 60-க்கும் மேற்பட்ட கலங்கரை விளக்கங்களும் வழிகாட்டி விளக்குகளும் இருக்கின்றன என்று கேட்டதும், ஒரு கார் எடுத்தால் பத்தையாவது பார்த்துவிடலாமே என்று தோன்றும். நாள் கெட ஆரம்பிப்பது அங்கேதான். இரண்டு மூன்று பாருங்கள், போதும். ஏறி, இறங்கி, சுற்றி நடந்து, உள்ளே இருப்பவர்களிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாம். பத்து என்று வைத்துக்கொண்டால் கார் கண்ணாடி வழியாகப் பத்து கோபுரங்களின் உச்சியைப் பார்த்ததோடு சரி.

வரைபடத்தில் விரல் வைத்து அளப்பது

கலங்கரை விளக்கம் கப்பலுக்காகக் கட்டப்பட்டது. சாலையில் போகிறவர்களுக்கு வசதியாக எங்கே வைக்கலாம் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கடலுக்குள் நீண்டுபோகும் நிலத்தின் நுனியில்தான் பெரும்பாலும் இருக்கும். அங்கே போகும் சாலையும் அதோடு முடிந்துவிடும். ஒன்றைப் பார்த்துவிட்டு அப்படியே கரையோரமாக அடுத்ததற்குப் போக வழி இருக்காது. வந்த வழியே திரும்பி, பெரிய சாலையைப் பிடித்து, மறுபடி இன்னொரு முனைக்குள் நுழைய வேண்டும். ஆகவே வரைபடத்தில் தெரிகிற தூரத்தை வைத்து நாளைத் திட்டமிடாதீர்கள்.

இதைக் கப்பலிலிருந்தே பார்க்கலாம். காலையில் கப்பல் ஹில்ஸ்பரோ விரிகுடாவுக்குள் நுழையும்போது வலது பக்கம் பாயிண்ட் பிரிம் விளக்கம் வெள்ளையாக நிற்கும். இதோ இருக்கிறதே என்றுதான் தோன்றும். ஆனால் துறைமுகத்தில் இறங்கி, விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு காரில் போனால் சுமார் 50 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். துறைமுக வாயில் இடது பக்கம் வரும் பிளாக்ஹவுஸ் பாயிண்ட் விளக்கமும் அப்படித்தான். நகரத்துக்கு நேர் எதிரே, தண்ணீருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. காரில் போக அரை மணி நேரமாவது ஆகும்.

தீவின் இரண்டு கோடிகளையும் ஒரே நாளில் தொட நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. தீவின் நீளம் 220 கிலோமீட்டருக்கு மேல். கிழக்குக் கோடியில் ஈஸ்ட் பாயிண்ட், மேற்கே கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு வெஸ்ட் பாயிண்ட். இரண்டுமே அருமையான இடங்கள்தான். ஆனால் சார்லட்டவுனிலிருந்து ஈஸ்ட் பாயிண்ட்டுக்கே சுமார் 100 கிலோமீட்டர். போக வர மூன்று மணி நேரம் சாலையிலேயே போய்விடும். அதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் அன்றைக்கு அது ஒன்றுதான் என்று முடிவு செய்துகொண்டு போங்கள்.

எட்டு மணி நேரம் உண்மையில் எவ்வளவு?

கப்பல் எட்டு மணி நேரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னாலாவது எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். இறங்கி, காரை வாங்க ஒரு மணி நேரம். காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டாக்சி பிடித்துத் துறைமுகம் வர முக்கால் மணி. டயர் பஞ்சர், சாலை வேலை, மழை என்று எதற்காவது கையிருப்பாக ஒரு மணி நேரம். மீதி நாலே முக்கால் மணி நேரம். கையிருப்பில் மட்டும் கை வைக்கவே கூடாது. தாங்களாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

இந்த நாலே முக்கால் மணிக்கு நான் சொல்வது தெற்குக் கரை: முதலில் பாயிண்ட் பிரிம், அங்கிருந்து உட் ஐலண்ட்ஸ், பிறகு நகரம். இரண்டு இடத்திலும் தலா முக்கால் மணி நேரம் நின்றாலும் சாப்பாட்டுக்கு நேரம் மிஞ்சும். உட் ஐலண்ட்ஸ் 1876-இல் கட்டியது. பக்கத்திலேயே நோவா ஸ்கோஷியாவுக்குப் போகும் படகுத்துறை இருக்கிறது. காவலர் குடும்பம் வாழ்ந்த வீடு கோபுரத்தோடு ஒட்டியே இருப்பதால், விளக்கை மட்டும் பார்க்காமல் அதைக் கவனித்துக்கொண்ட வாழ்க்கையையும் பார்த்த மாதிரி இருக்கும்.

ஆனால் ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் பாயிண்ட் பிரிம்தான். 1845-இல் கட்டியது, தீவிலேயே பழையது. தீவின் மற்ற விளக்கங்கள் பெரும்பாலும் மரத்தால் ஆன சதுர அல்லது எண்கோணக் கோபுரங்கள். இது வட்டமான செங்கல் கோபுரம். ஆனால் கிட்டே போனால் செங்கல் தெரியாது. கடற்காற்றிலிருந்து காப்பாற்ற மேலே முழுக்க மரச்சில்லு வேய்ந்து வெள்ளையடித்திருக்கிறார்கள். இதை வடிவமைத்த ஐசக் ஸ்மித்தான் சார்லட்டவுனில் இருக்கும் ப்ராவின்ஸ் ஹவுஸையும் வடிவமைத்தவர். கனடா என்ற நாடு உருவாகக் காரணமான 1864 மாநாடு நடந்த கட்டடம் அது. கப்பலுக்குத் திரும்பும் வழியில் அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எந்த நேரத்தை நம்புவது

தூரத்தைவிட இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சார்லட்டவுன் அட்லாண்டிக் நேரத்தில் இயங்குகிறது. பாஸ்டன், நியூயார்க், மாண்ட்ரியல், டொராண்டோ எல்லாம் அதற்கு ஒரு மணி நேரம் பின்னால். இங்கிருந்தெல்லாம் கிளம்பிவரும் கப்பல்களில் சில, இரவோடு இரவாகக் கடிகாரத்தை மாற்றிவிடும். சில பழைய நேரத்திலேயே ஓடும். உங்கள் செல்போனோ கரையைக் கண்டதும் யாரையும் கேட்காமல் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும்.

கப்பல் நேரத்தை மாற்றவில்லை என்றால்: கார் கம்பெனியில் 9 மணிக்கு என்று பதிவு செய்திருப்பீர்கள். அது கப்பல் கடிகாரத்தில் 8 மணி. நிதானமாகக் காபி குடித்துவிட்டு இறங்கினால் உங்கள் கார் வேறொருவருக்குப் போயிருக்கலாம். 5 மணிக்கு மூடும் கோபுரமும் உங்கள் கைக்கடிகாரத்தில் 4 மணிக்கே மூடியிருக்கும். இது ஏமாற்றத்தோடு போய்விடும். கப்பல் நேரத்தை மாற்றி, உங்கள் கைக்கடிகாரம் மட்டும் பழையபடி இருந்தால்தான் ஆபத்து. அது 4 என்று காட்டும்போது உண்மையில் 5 ஆகியிருக்கும். முந்தின நாள் இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் நாளைக்கு எந்த நேரம் என்று போட்டிருப்பார்கள். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது வாசலில் நிற்கும் ஊழியரிடமும் கடைசியாக ஏற வேண்டிய நேரத்தை ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

கார் விஷயம்

சின்ன ஊர். வாடகைக் கார்களும் கம்மி. ஒரே காலையில் கப்பலிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் இறங்குவார்கள். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது, முன்னாடியே பதிவு செய்யுங்கள். அதிலும் பணம் திரும்பக் கிடைக்கும் வகையாகப் பார்த்து எடுங்கள். இலையுதிர் காலத்துக் காற்று பலமாக இருந்தால் கப்பல் அந்தத் துறைமுகத்தையே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கார் கிடைக்கும் இடம் துறைமுகமா விமான நிலையமா என்பதையும், அன்று ஞாயிற்றுக்கிழமை என்றால் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள். ஓட்டுபவர் பேரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

வண்டி ஓட்டுவது சாலையின் வலது பக்கம். அக்டோபரில் உருளைக்கிழங்கு அறுவடை நடக்கும். டிராக்டரும் லாரியும் வயலிலிருந்து திடீரென்று சாலைக்கு ஏறும். செம்மண் பாதைகளில்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். காய்ந்திருக்கும்போது பார்க்க அவ்வளவு அழகு, ஒரு மழை பெய்தால் வழுக்கிவிடும். கேப் ட்ரையான் விளக்கத்துக்கு வயல்களுக்கு நடுவே இப்படி ஒரு மண்பாதைதான் போகிறது. தார் போடாத சாலையில் வண்டிக்கு ஏதாவது ஆனால் காப்பீடு செல்லாது என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம், படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஈரமாக இருந்தால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள்.

திறந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வது

இங்கே பல விளக்கங்களைக் கவனித்துக்கொள்வது அந்தந்த ஊர்க்காரர்களின் சிறு குழுக்கள். கோடையில் திறப்பார்கள். செப்டம்பர் பாதிக்கு மேல் ஒவ்வொன்றாகப் பூட்ட ஆரம்பிப்பார்கள். ஆனால் கப்பல்கள் அதிகம் வருவதே செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான். பிளாக்ஹவுஸ் பாயிண்ட் போன்ற சிலவற்றை எப்போதுமே வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். உள்ளே ஏற வேண்டும் என்று ஆசை இருந்தால் போகும் தேதிக்குத் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் சில டாலர்கள்தான். கூரை வேயவும் பெயின்ட் அடிக்கவும் அந்தப் பணம்தான் உதவுகிறது. வெளியே நின்று படம் எடுத்துவிட்டுக் கிளம்பாமல் அதைக் கொடுத்துவிட்டு ஏறுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏறும்போது செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். படிகள் செங்குத்து. உச்சிக்குப் பக்கத்தில் படி, ஏணி மாதிரி ஆகிவிடும். ஒரு சின்னத் திறப்பு வழியாகத் தலையை நுழைத்துத்தான் விளக்கு அறைக்குள் போக வேண்டியிருக்கும். முழங்கால் வலி இருப்பவர்கள் ஏறுவதைவிட இறங்குவதை நினைத்து முடிவெடுங்கள்.

விளிம்பில் நின்று படம் எடுப்பது

தீவின் கரை சிவப்பு மணற்கல். பார்க்கப் பாறை மாதிரி இருக்கும், உண்மையில் மிக மிருதுவானது. அலை அடியில் குடைந்துகொண்டே இருக்கும். மேலே புல் மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் நிற்பது மண் மேலா, வெறும் புல் மேலா என்று மேலிருந்து தெரியவே தெரியாது. 2022 செப்டம்பரில் ஃபியோனா புயல் வந்தபோது இந்தக் கரையின் மணல்மேடுகள் பலத்த அடி வாங்கின.

ஈஸ்ட் பாயிண்ட் விளக்கத்தின் கதையே இதற்குச் சாட்சி. 1867-இல் அதைக் கட்டியபோது முனையின் நுனியிலிருந்து அரை மைல் தள்ளி வைத்தார்கள். 1882-இல் ஃபீனிக்ஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் அங்கே பாறையில் மோதி உடைந்தது. விளக்கு தள்ளி இருந்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 1885-இல் கோபுரத்தை அப்படியே நகர்த்தி நுனிக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் கடல் நிலத்தை அரித்துக்கொண்டே வரவும் 1908-இல் மறுபடி பின்னுக்கு இழுத்தார்கள். கோபுரத்தையே பின்வாங்க வைத்த கரை அது. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், வேலி இல்லாத இடத்தில் விளிம்பிலிருந்து பல அடி தள்ளியே நில்லுங்கள்.

உயரமானதை மட்டும் தேடுவது

கார் கிடைக்கவில்லை என்றாலோ நேரம் போதவில்லை என்றாலோ கவலைப்பட வேண்டாம். துறைமுகத்திலிருந்து கரையோர நடைபாதையில் விக்டோரியா பூங்காவைத் தாண்டி நடந்தால் பிரைட்டன் பீச் முன்விளக்கு வரும். குட்டையான வெள்ளைக் கோபுரம், நடுவே செங்குத்தாகச் சிவப்புப் பட்டை. பின்னால் சற்று உயரத்தில் இதற்கு ஜோடியாக இன்னொரு விளக்கு. கப்பலிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நேர்கோட்டில் தெரிந்தால் கப்பல் ஆழமான பாதையில் சரியாக வருகிறது என்று அர்த்தம். பின்விளக்கு இடது பக்கம் விலகித் தெரிந்தால் கப்பலும் இடது பக்கம் விலகிவிட்டது. காலையில் கப்பல் உள்ளே வரும்போதே மேல்தளத்தின் முன்பக்கம் போய் நின்றுகொண்டால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. இறங்கும்போது பாஸ்போர்ட்டை அறையிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். காரில் தனியாகச் சுற்றப் போகிறவர்கள் அதையும் அன்றாட மருந்தையும் கையில் வைத்திருங்கள். நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் போய்விட்டால் முதலில் கூப்பிட வேண்டியது அவரைத்தான். அடுத்த துறைமுகம் ஹாலிஃபேக்ஸ் என்றால் 12.9 கிலோமீட்டர் நீளமுள்ள கான்ஃபெடரேஷன் பாலத்தைக் கடந்து மூன்றரை மணி நேரத்தில் சாலை வழியாகவே போய்ப் பிடித்துவிடலாம். அடுத்தது அமெரிக்கத் துறைமுகம் என்றால் கையில் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் எல்லையைத் தாண்ட முடியாது.