டர்போ டீசல் இழுக்கவில்லையா? முதலில் ரப்பர் டியூபைப் பாருங்கள்

பழைய டீசல் கார் 2000 ஆர்.பி.எம்-க்குக் கீழே சோம்பி, அதற்கு மேல் சரியாக ஓடினால், டர்போவை (எஞ்சின் புகையால் சுழன்று காற்றை உள்ளே தள்ளும் பாகம்) மாற்றச் சம்மதிக்கும் முன் இதைச் செய்யுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து, டர்போ பக்கத்தில் உள்ள வட்டமான ஆக்சுவேட்டரின் (டர்போவின் உள்பாகத்தை அசைக்கும் டப்பி) கம்பியைப் பாருங்கள். இன்னொருவர் ஸ்டார்ட் செய்ததும் அந்தக் கம்பி ஒரு சென்டிமீட்டராவது இழுபட வேண்டும். ஆஃப் செய்தால் திரும்ப வேண்டும். அசையவில்லை என்றால் அதில் செருகியிருக்கும் மெல்லிய டியூபைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது அதன் முனையில் விரலை வையுங்கள். உறிஞ்சல் இல்லையா? பெரும்பாலும் டியூபின் முனையில்தான் விரிசல் இருக்கும். நீளம் மிச்சமிருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி செருகலாம்.

குறைந்த வேகத்தில் புகையின் அழுத்தம் குறைவு. அதனால் வி.ஜி.டி டர்போவில் (இதழ்களின் இடைவெளி மாறும் வகை) வேக்குவம்தான், அதாவது அந்த டியூபின் உறிஞ்சல்தான், உள்ளிருக்கும் இதழ்களைக் குறுக்கி, டர்போவை வேகமாகச் சுழல வைக்கிறது. வேக்குவம் கசிந்தால் இதழ்கள் விரிந்தே நிற்கும், கார் கிளம்பத் திணறும்.

ஆக்சுவேட்டரில் டியூப் இல்லாமல் வயர் பிளக் மட்டும் இருந்தால் அது மின்சார வகை. அதற்கும், பழைய 75 குதிரைத்திறன் ஸ்விஃப்ட் டீசல் போன்ற வேஸ்ட்கேட் டர்போவுக்கும் (இதழ்களுக்குப் பதில் உபரிப் புகையைத் திருப்பிவிடும் கதவு கொண்டது) இந்தச் சோதனை பொருந்தாது. கம்பி நன்றாக அசைந்தும் கறுப்புப் புகையும் 'புஸ்' சத்தமும் வந்தால், இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கிழிசல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.